மஞ்சள் மூக்குக் காக்கை

பனிமலைக்குப் போன அத்தனை பேரும் பனியைப் பார்க்கப் போனார்கள். நான் காக்கையைத் தேடினேன். காக்கை கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குப் பட்டினி. அவர் பட்டினி என்றால் நானும் பட்டினி. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நடந்த கூத்து.

நான் இருப்பது அஜ்மானில், மகன் வீட்டில். மகனுக்கு துபாயில் அல் கூஸ் பக்கம் வேலை. இருட்டோடு காரை எடுத்துக்கொண்டு போவான், இருட்டியபிறகு வருவான். பாதி ஆயுசு ரோட்டில் போகிறது. மருமகளுக்கு ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டியூட்டி. பேத்தி ஒருத்தி. பேத்திக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் இங்கிலீஷில்தான் வரும். நானும் அவளிடம் தமிழிலேயே பேசுவேன். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

எங்கள் பில்டிங்கில் மாடிக்கு மாடி நம் ஆட்கள். டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் பனி பார்க்கப் போக வேண்டும் என்று அங்கே ஒரு சட்டம் உண்டு. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. முதலில் மூன்றாம் மாடிக்காரர்கள் ஜார்ஜியா போனார்கள். சிவப்புக் கோட்டும், கண்ணை மறைக்கிற கறுப்புக் கண்ணாடியும், காலில் நீளப் பலகையுமாக நின்ற படம் எல்லார் போனிலும் வந்தது. அடுத்த வருஷம் ஏழாம் மாடி. அதற்கடுத்த வருஷம் வாட்ச்மேனைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள், நாங்கள் பாக்கி. மருமகள் லிஃப்டில் ஏறினால் யார் முகத்தையும் பார்க்காமல் நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வருஷம் முழுக்க ஏசியைக் குறைக்காமல் ஓடவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டு படுக்கிற ஜனம், அந்தக் குளிர் பற்றவில்லை என்று பிளேன் ஏறிப் போகிறது. நான் என்னத்தைச் சொல்ல.

ஒருநாள் மகன் வந்து, "அம்மா, நாமளும் ஜார்ஜியா போறோம். டிக்கெட் போட்டாச்சு. பனி, ஸ்கீயிங், எல்லாம்" என்றான். தேதியும் சொன்னான். நான் அடுப்படியில் மாட்டியிருக்கிற நாள்காட்டியைப் பார்த்தேன். நடு நாளில் அவருடைய திதி விழுந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் போனது மார்கழி தேய்பிறையில். திதி என்பது இங்கிலீஷ் தேதிக்குக் கட்டுப்பட்டதில்லை, வருஷத்துக்கு வருஷம் முன்னே பின்னே நகரும். என் மகன் இன்ஜினியர். அப்பா போன இங்கிலீஷ் தேதியை போனில் ஏற்றி வைத்திருக்கிறான். போன் கூவினதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பான். அதற்குள் திதி முடிந்தே போயிருக்கும், இல்லாவிட்டால் இன்னும் வந்திருக்காது. வருஷா வருஷம் நான்தான் முன்கூட்டிச் சொல்லி, அவன் லீவு போட்டு, படையல் வைத்து, அஜ்மான் மீன் மார்க்கெட் பக்கம் காரில் போய்க் காக்கைக்கு வைப்போம். எங்கள் பால்கனியில் புறா மட்டும்தான் வரும். காக்கை எல்லாம் மீனுக்காக மார்க்கெட்டில்தான் கூடும். வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு, போனால் போகிறது என்று என் வாழைக்காய்ப் பொரியலிலும் ஒரு வாய் வைக்கும்.

இந்தத் தடவை நான் சொல்லவில்லை. பெற்ற அப்பனுடைய திதியை ஒரு தடவையாவது அவனாகக் கேட்கட்டும் என்று இருந்தேன். "சரிப்பா, போவோம்" என்றேன்.

பெட்டி அடுக்கும்போது வாழை இலை வைத்தேன். வாழைக்காய், பச்சரிசி, உளுந்து, வெல்லம், சின்ன மிக்ஸி எல்லாம் வைத்தேன். மருமகள் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "அத்தை, அங்கயும் சூப்பர் மார்க்கெட் இருக்கு" என்றாள்.

"வாழை இலை இருக்கா?"

"எதுக்கு அத்தை வாழை இலை? தட்டு குடுப்பாங்க."

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படி ஜாடை சொல்வது? மகனும் பார்த்தான். "அம்மாக்கு இலையில சாப்பிட்டாத்தான் திருப்தி" என்று பெட்டியை மூடினான்.

இந்தப் பயணத்துக்கென்று அஜ்மானுக்கே வந்து சம்பந்தியும் சேர்ந்துகொண்டார்கள். மருமகளைப் பெற்ற அம்மா. நான் மதினி என்று கூப்பிடுவேன், அவர்களும் என்னை மதினி என்பார்கள். பஹ்ரைனில் குதைபியாவில் மகனோடு இருக்கிறார்கள். தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். ரிட்டயர் ஆனது பள்ளிக்கூடத்திலிருந்துதான், வகுப்பெடுப்பதிலிருந்து இல்லை. பிளேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மேகம் எப்படி உண்டாகிறது என்று இறங்குகிற வரைக்கும் சொன்னார்கள். நான் மூன்றாம் கிளாஸ். மேகத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது எப்படி உண்டானால் என்ன?

மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. ஒரு நிமிஷம் நானும் வாயைத் திறந்துதான் நின்றேன். அப்புறம் பார்த்தால், ஷார்ஜாவில் பாதி அங்கே நிற்கிறது. "நீங்க எந்த பில்டிங்?" "நாங்க ரோலா பக்கம்." தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் கேட்கிறது. பனியில் ஓட்டுகிற ஸ்கூட்டர் வைத்திருந்த அந்த ஊர் வெள்ளைக்காரன், எங்களைப் பார்த்ததும், "பாய், பாய், ஜல்தி, சலோ" என்று கூப்பிட்டான். இவ்வளவு தூரம் வந்தும் அஜ்மான் பஸ் ஸ்டாண்டை விட்டுத் தப்ப முடியவில்லை.

வாடகைக் கடையில் எல்லாரும் வேஷம் போட்டார்கள். எனக்கும் ஒரு பேண்ட் கொடுத்தார்கள். "சேலையோட போக முடியாதும்மா" என்றான் மகன். நான் பேண்ட்டை உள்ளே போட்டு, அதற்கு மேல் சேலையைக் கட்டி, அதற்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டேன். கடைக்காரப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். சிரிப்பை அடக்கக் கும்பிட்டாளா, மரியாதைக்குக் கும்பிட்டாளா என்று நான் ஆராயவில்லை.

மகன் பலகை மேல் ஏறி நின்றான். விழுந்தான். எழுந்தான். நின்றுகொண்டே விழுந்தான். சொல்லிக்கொடுக்க வந்தவன், "குட், குட்" என்றான். விழுவதில் அவ்வளவு பேர் எடுத்தவனை நான் பார்த்ததில்லை. மருமகள் விழவே இல்லை, ஏனென்றால் நகரவே இல்லை. பலகையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு கையைத் தூக்கி, அம்மாவிடம் படம் எடுக்கச் சொன்னாள். மதினி, "வெளிச்சம் எதுக்க இருக்கு, திரும்பு" என்று பாடம் நடத்தினார்கள். பேத்தி மட்டும் துபாய் மால் ஒன்றில் கண்ணாடிக்குள் பனி கொட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே பழகினவள், சர்ரென்று போய் வந்தாள். அன்றைக்கு ராத்திரி எல்லாப் படமும் பில்டிங் குரூப்புக்குப் போனது. மருமகள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, கடன் அடைத்தவள் மாதிரி.

மறுநாள் திதி. நான் விடியுமுன்னே எழுந்து தலைக்குக் குளித்தேன். அந்த ரூமில் ஒரு ஓரமாகச் சின்னச் சமையல் மேடையும் மின்சார அடுப்பும் உண்டு. பச்சரிசி வைத்தேன், பருப்பு வைத்தேன், வாழைக்காய் நறுக்கினேன், பாயசத்துக்கு வெல்லம் கரைத்தேன். மிக்ஸியில் உளுந்தைப் போட்டதும் எல்லாரும் எழுந்து வந்தார்கள்.

"என்னம்மா இது? கீழ பிரேக்பாஸ்ட் ஃப்ரீ" என்றான் மகன்.

"நீங்க போய்ச் சாப்பிடுங்க. எனக்கு வேண்டாம்."

அவன் இலையைப் பார்த்தான். என் ஈரத் தலையைப் பார்த்தான். வெங்காயம் இல்லாத மேடையைப் பார்த்தான். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

"போன்ல அடுத்த வாரம்லாம்மா இருக்கு."

"போனா பெத்துச்சு உங்க அப்பாவ?"

"ஏம்மா முந்தியே சொல்லல?"

"நீ கேக்கலயே."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். மருமகள், "நாங்களும் சாப்பிடல அத்தை" என்றாள். மதினி, "நானும்தான். மாத்திரை போடணும், பரவாயில்ல" என்றார்கள். பரவாயில்லை என்பதைப் பரவாயிருக்கிற மாதிரி சொல்ல அவர்களுக்குத்தான் வரும்.

வடை எண்ணெயில் விழுந்ததும் மேலே கூரையில் ஒரு பெட்டி கிர்ரென்று அலறியது. ஹோட்டல்காரப் பெண் ஓடி வந்தாள். மகன் கோட்டைக் கழற்றி அந்தப் பெட்டிக்கு விசிறினான். அவள் வடையைக் காட்டி ஏதோ கேட்டாள். பார்வையிலேயே பசி தெரிந்தது. "படைக்காம குடுக்கக் கூடாது" என்றேன். மகன் அதை என்னவென்று இங்கிலீஷில் சொன்னானோ, அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

படம் வேண்டுமே. அவர் படம் அஜ்மானில் சுவரில் இருக்கிறது. மகன் போனில் அவரை எடுத்து, தண்ணீர் சுட வைக்கிற ஜாடியில் சாய்த்து வைத்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அவர் இருட்டாகிப் போவார். பேத்தி விரலால் தொட்டு எழுப்புவாள். நாங்கள் கும்பிட்டு நிற்கும்போது அவர் நெற்றிக்கு மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. மூன்றாம் மாடிக்காரி: 'சூப்பர் பிக்! செம!' மகன் அதைத் தள்ளிவிட்டான். அடுத்தது ஏழாம் மாடி. அவர் உயிரோடு இருந்தபோது இத்தனை பேர் பாராட்டியதில்லை.

இப்போது காக்கை. இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து பால்கனிக் கட்டையில் வைத்தேன். "கா... கா..." என்று கூப்பிட்டேன். மலை முழுக்கச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. ஒரு இறகுகூட வரவில்லை. ஆவி பறந்த சோறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறைத்துக் கல்லானது.

"மதினி, சாஸ்திரத்துல மாட்டுக்கும் குடுக்கலாம்னு இருக்கு" என்றார்கள் மதினி.

"மாட்டக் காட்டுங்க, குடுக்கேன்."

அடுத்த இலையை எடுத்துக்கொண்டு கீழே முற்றத்துக்குப் போனேன். பனியை ஒதுக்கி இலையை வைத்து நான் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து ஒரு தடியன் நாய் வந்து, இலையோடு சேர்த்து எல்லாவற்றையும் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என் சேலையை மோந்தது. ஆட்டுக்குட்டிக்குப் போடுகிற மாதிரி காதில் ஒரு வில்லை வேறு.

"ஆச்சி, இட் லைக்ஸ் யூ!" என்றாள் பேத்தி.

"நாய்னா பைரவர் மதினி. அதுவும் விசேஷம்தான். வாங்க, சாப்பிடுவோம்" என்றார்கள் மதினி.

எனக்குக் கொஞ்சம் கிறக்கமாகத்தான் இருந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு. மகன் என் கையைப் பிடித்து, "ஒரு வாய் சாப்பிடும்மா. நீ விழுந்துட்டா இங்க ஆஸ்பத்திரி எங்கன்னுகூடத் தெரியாது" என்றான்.

"அவுக சாப்பிட்டப்புறம்."

இதையெல்லாம் பக்கத்து பால்கனியில் ஒரு மலையாளி, முழு வேஷத்தோடு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஷார்ஜாக்காரராம். "பலியாணோ அம்மே?" என்று கேட்டார். பலி என்றால் அவர்கள் பாஷையில் திதிப் படையல். நான் தலையை ஆட்டினேன். மனுஷன் கோப்பையை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, அவர்கள் ஊர் வழக்கப்படி கையைத் தட்டினார். மலை கைதட்டலையும் திருப்பிக் கொடுத்தது, காக்கையைக் கொடுக்கவில்லை. "இவிடெ இல்லா. மேலே உண்டு. லிஃப்ட் போகுந்ந ஸ்தலத்து, கறுத்த பட்சி, நெறைய" என்று மலை உச்சியைக் காட்டினார்.

மகன் உச்சியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாம்மா" என்றான். அவன் குரலில் அன்றைக்கு முதல் தடவையாக அவன் அப்பா குரல் கேட்டது.

கம்பியில் தொங்குகிற கூண்டில் ஏறினோம். மடியில் ஹாட் பேக், அதற்குள் படையல், கடைசி இலை. இது போனால் வேறு இலை இல்லை. கீழே வெள்ளைப் பள்ளம். மதினி கம்பி எப்படி அறாமல் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணை மூடிக்கொண்டு சஷ்டி கவசத்துக்குப் போய்விட்டார்கள். படித்தவர்களுக்கு இப்படி ரெண்டு வழி உண்டு. நான் இலையைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே ஒரு சாப்பாட்டுக் கடை. வெளியே பனியில் நாற்காலி போட்டு, வெயிலில் ஜனம் மல்லாந்து கிடக்கிறது. கடைக் கூரையில், ஆமாம், வரிசையாகக் கறுப்பாக உட்கார்ந்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் மூக்கு மஞ்சள். கால் சிவப்பு.

"இது காக்கை இல்ல மதினி" என்றார்கள் மதினி. "காக்கை இனத்தச் சேர்ந்தது. தூரத்துச் சொந்தம்."

"சொந்தக்காரன் வந்து தெவசச் சோறு சாப்பிட்டா ஆகாதுன்னு எதுல எழுதிருக்கு?"

"இருந்தாலும் மூக்கு..."

"எங்க மாமனாருக்குக்கூடத்தான் மூக்கு அப்படி. அவர யாரும் வெளிய நிறுத்தல."

கைப்பிடிச் சுவர் மேல் கடைசி இலையை விரித்து வைத்தேன். சோறு, பருப்பு, பொரியல், வடை, பாயசம். ஒன்று இறங்கி வந்தது. இலையைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்தது. ஒரு கண்ணால் வடையைப் பார்த்தது, மறு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எனக்கு அந்தத் திருப்பல் தெரியும். என் சமையலை அவர் ருசித்துச் சாப்பிட்டார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கடைத்தெருவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து, சோற்றை விரலால் கிண்டி, "இன்னைக்குப் பசியே இல்ல" என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் பசி இல்லாத மனுஷனுக்கு வயிறு மட்டும் எப்படி அப்படி வளர்ந்தது என்று நான் கேட்டதில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

அந்த நேரம் பார்த்து, மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று மதினி ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்தார்கள். நீள நீளமாகக் குச்சி மாதிரி இருக்குமே, அது. நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து ஆசையாக வாய்க்குக் கொண்டுபோனார்கள். கூரையிலிருந்து ஒரு மஞ்சள் மூக்கு வந்து, கையிலிருந்ததையே பறித்துக்கொண்டு போனது.

மதினி ஒரு வினாடி பயந்தார்கள். அடுத்த வினாடி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! அண்ணன் என் தட்டுலதான் சாப்பிட்டிருக்காக!"

சற்று முன்னே காக்கையே இல்லை என்றவர்கள், இப்போது அண்ணன் என்கிறார்கள்.

"அவுக எப்பவுமே அடுத்தவங்க தட்டத்தான் பாப்பாக மதினி" என்றேன். "ஆனா அது படையல் இல்ல. நான் சாப்பிட மாட்டேன்." சொல்லிவிட்டுக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் மகன் எழுந்தான். மாமியார் தட்டிலிருந்து கேட்காமலே ஒரு கைப்பிடி வறுவலை அள்ளினான். என் இலையிலிருந்து சோற்றையும் பருப்பையும் பிசைந்து உருண்டை பிடித்து, அதில் வறுவலைக் குச்சி குச்சியாகக் குத்தி வைத்தான். வாடகை பேண்ட்டோடு பனியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, ஷார்ஜா மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, "கா... கா..." என்றான். சின்னக் குரல். யாரோ சிரித்தார்கள். அவன் இன்னும் சத்தமாக, "கா! கா! வாங்கப்பா" என்றான். "லேட்டாயிருச்சு. தெரியாமப் போச்சு. வாங்கப்பா."



மஞ்சள் மூக்கு இறங்கி வந்தது. பக்கவாட்டில் நடந்தது. அவன் முகத்தை ஒரு கண்ணால் பார்த்தது. வறுவலைக் கொத்தி இழுத்தது. வறுவலில் ஒட்டிக்கொண்டு சோறும் போனது, பருப்பும் போனது. இன்னொன்று வந்தது. பிறகு நாலைந்து. வடையைக்கூட ஒன்று தூக்கிக்கொண்டு கூரைக்குப் போனது. வடை ஓட்டையில் மூக்கு மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தவித்தது, அது வேறு கதை.

மகன் கையைத் துடைக்காமலே என்னிடம் வந்தான். "சாப்பிட்டாகம்மா."

"சோறும் உள்ள போச்சால?"

"போச்சு. நான் பாத்தேன்."

ஹாட் பேக்கைத் திறந்து முதல் வாய் அவனுக்குக் கொடுத்தேன், அடுத்தது எனக்கு. ஆறிப்போன வாழைக்காய்ப் பொரியல் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. மதினிக்கும் வைத்தேன். "உப்பு கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஹோட்டல்காரப் பெண்ணுக்கு நாலு வடை எடுத்து வைத்தேன், கீழே போனதும் கொடுத்தேன்.

மருமகள் சும்மா இருப்பாளா? மகன் பனியில் முழங்கால் போட்டுக் கூப்பிட்டதை எடுத்து பில்டிங் குரூப்பில் போட்டுவிட்டாள். பலகையோடு நின்ற படத்தையெல்லாம் ஜனம் மறந்தது, இதற்குத்தான் இதயமாக வந்து குவிந்தது. ஊருக்குத் திரும்பின மறுநாள் மூன்றாம் மாடிக்காரி லிஃப்டில் என்னைப் பிடித்து, "அந்தக் கடை எதும்மா? எங்க மாமனார் திதியும் அங்க வச்சுக்கலாமான்னு பாக்கோம்" என்றாள். இனி அதுவும் ஒரு சட்டமாகும் போல.

இந்த வருஷம் மார்கழி பிறந்ததும் மகன் டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே அடுப்படி வாசலில் நின்றான். "அம்மா, அப்பா திதி வர்ற வெள்ளிக்கிழமை. லீவு சொல்லிட்டேன்."

"தெரியும்ல" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை மீன் மார்க்கெட் சுவரில் இலை வைத்தோம். மஞ்சள் மூக்கு இல்லை, நம் காக்கைதான். சோறு, பருப்பு, பொரியல், வடை, பாயசம். ஓரமாக நீள நீளமாக உருளைக்கிழங்கு வறுவலும். நானே நறுக்கி நானே வறுத்தது. காக்கை முதலில் அதைத்தான் எடுத்தது.

மதினிக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் குதைபியாவில் இருப்பு கொள்ளாது.